போகாத ஊருக்கு வழி

நேயர்களே, போகாத ஊருக்கு வழி கேட்பவனைக் கண்டால் உலகம் நகைக்கும். அவன் நேரத்தை வீணாக்குகிறான், அல்லது கேள்வியைத் தட்டிக் கழிக்கிறான் என்பது அப்பழமொழியின் குறிப்பு. எனினும், போய்வந்த ஊரைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்க, போகாத ஊரைப் பற்றிப் பேசுதற்கும் ஒருவன் வேண்டுமன்றோ? அந்த வேலையை இன்று நான் மேற்கொள்கின்றேன். நான் போகாத ஊர் மாலைதீவு. இலங்கைக்குத் தென்மேற்கே, கொழும்பிலிருந்து ஏறக்குறைய 760 கிலோமீற்றர் தொலைவில், கடலின் மேல் தூவி விட்டாற்போலக் கிடக்கும் சிறு நாடு அது. ஆசியாக் கண்டத்து நாடுகளுள் பரப்பால் மிகச் சிறியது. நான் வாழ்வதோ வாகரையில். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீற்றர் சென்றால், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணற்கரை எங்கள் ஊர்.

பயணம் என்ற சொல்லுக்கு எங்கள் பகுதியில் ஒரு தனிப்பொருள் உண்டு. வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் தாமாக விரும்பிப் பயணம் போனது குறைவு. போகும்படி நேர்ந்ததே அதிகம். 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் துரத்தியது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் போர் துரத்தியது. தலையிற் பொதியும் இடுப்பிற் பிள்ளையுமாகக் காடும் களப்பும் கடந்து வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தவர்களைக் கேட்டால், பயணம் என்பது எது என்று அவர்கள் கூறுவர். இன்னொரு பயணமும் உண்டு. எங்கள் ஊரிற் கடவுச்சீட்டு எடுக்கும் பெண், பெரும்பாலும் மத்திய கிழக்கில் ஒரு வீட்டின் அடுப்படியில் இரண்டு ஆண்டுகள் நிற்பதற்காகவே அதனை எடுக்கிறாள். பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக ஒரு நாட்டுக்குப் போவது எங்கள் மத்தியில் இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை. அதனாலேதான் இந்தக் கனவைச் சற்று உரத்துக் கூறலாம் எனத் துணிந்தேன்.

ஏன் மாலைதீவு? சிங்கப்பூர் இல்லையா, மொரிசியசு இல்லையா எனச் சிலர் வினவக்கூடும். அவையும் சிறிய நாடுகளே. தமிழர் வாழும் நாடுகள் என்ற சிறப்பும் அவற்றுக்கு உண்டு. ஆனால் அங்கு போனால் நாம் நம்மவரையே தேடிப் போவோம். மாலைதீவு அப்படியன்று. அது நம் அடுக்களையில் நாள்தோறும் இருந்தும் நாம் முகம் பாராத அயல் வீடு. சம்பலுக்கு இடிக்கும் மாசியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மரக்கட்டை போன்ற அக்கருவாட்டுத் துண்டு எங்கிருந்து வந்தது? சூரை மீனைத் தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உப்பு நீரில் அவித்து, புகையிலிட்டு, பின் வெயிலில் பல நாள் உலர்த்தினால் அது கல்லுப்போல் இறுகிவிடும். குளிர்சாதனம் என்பதை உலகம் கேள்விப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மாதக்கணக்கிற் கெடாத மீனைச் செய்யும் வழியை அத்தீவினர் கண்டிருந்தனர். பாய்க்கப்பல்களில் அது இலங்கைத் துறைகளுக்கு வந்தது. திரும்பும் கப்பல்களில் அரிசியும் பாக்கும் துணியும் போயின. அவர்கள் மொழியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். நம்முடைய மாசி அச்சொல்லோடு உறவுடையது எனக் கருத இடமுண்டு. மீன் அவித்த நீரையும் அவர்கள் வீணாக்குவதில்லை. அதனை மேலும் மேலும் காய்ச்சிக் கருங்குழம்பாக்கி, ‘ரிஹாகுரு’ என்று பெயரிட்டுச் சோற்றோடு உண்கின்றனர்.

அம்மீனைப் பிடிக்கும் முறையும் கடற்றொழில் தெரிந்தோர் அறியத்தக்கது. சிறு மீன்களை உயிரோடு படகில் கொண்டு சென்று, சூரைக் கூட்டத்தைக் கண்டவுடன் அவற்றைக் கடலில் எறிவர். கூட்டம் மேலே கிளம்பியதும் வரிசையாக நின்று, கழியிற் கட்டிய தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் படகின் உள்ளே வீசுவர். தூண்டில் முள்ளுக்கு எதிர்முள் கிடையாது. மீன் தானாகவே கழன்று விழும். பெருவலையால் சூரைக் கூட்டத்தை வளைத்து அள்ளுவதை அந்நாடு அனுமதிப்பதில்லை. வாவியிற் சிறுகண் வலையும் தடைசெய்யப்பட்ட வேறு பலவும் நுழைந்து, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வாரப்படுவதைப் பார்த்துச் சலித்த எங்களூர்க் கிழவர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். “அப்பிடியெண்டா அவங்கட பிள்ளையளுக்கும் மீன் மிஞ்சும்” என்றார். வேறொன்றும் கூறவில்லை.

நாட்டின் அளவைக் கூறினால் நேயர்கள் வியப்பீர்கள். ஏறக்குறைய 1,200 தீவுகள். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை ஏறக்குறைய 190. எல்லாவற்றின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் 300 சதுர கிலோமீற்றர் அளவே வரும். எங்கள் மட்டக்களப்பு மாவட்டம் அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது. குடித்தொகையிலோ இரண்டும் ஏறத்தாழச் சமம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாலைதீவில் இருந்தோர் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேரளவில்; மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டு இருந்தோர் 5 இலட்சத்து 25 ஆயிரத்துக்குச் சற்று மேல். ஆக, எங்கள் மாவட்டத்து மக்களை ஒன்பதில் ஒரு பங்கு நிலத்தில் நிறுத்தி, அந்நிலத்தையும் துண்டு துண்டாக்கி, வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீளும் கடலில் வைத்தால் அதுவே மாலைதீவு. இத்தகைய நாட்டில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதே கடற்பயணம். வெருகலில் பாலம் வருமுன்னர், ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவைக்காக ஆற்றங்கரையில் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு அந்த வாழ்வு சற்றேனும் விளங்கும்.

இந்தத் தீவுகள் எவ்வாறு தோன்றின? வளையம் வளையமாகக் கிடக்கும் இவற்றுக்கு உலகமெங்கும் வழங்கும் ‘அட்டோல்’ என்னும் பெயரே அவர்கள் மொழியில் இருந்து போனதுதான். சார்ள்ஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்குக் காரணம் கூறினார். முதலிற் கடலில் ஓர் எரிமலைத் தீவு இருக்கும். அதன் கரையைச் சுற்றிப் பவளப் பூச்சிகள் பாறை கட்டும். காலப்போக்கில் மலை தன் பாரத்தால் மெல்ல மெல்லக் கடலுள் அமிழும். பவளப் பூச்சிக்கு வெளிச்சம் வேண்டுமாதலால், மலை அமிழ அமிழ அது மேலே மேலே கட்டிக்கொண்டு வரும். இறுதியில் மலை மறைந்துபோகும். அதைச் சுற்றிக் கட்டிய வளையம் மட்டும் எஞ்சும். பிள்ளைக்குச் செய்த காப்பு கிடக்க, பிள்ளை மறைந்த கதை போன்றது இது. வளையத்தின் மேல் அலை கொண்டுவந்து சேர்க்கும் உடைந்த பவளமும் மணலுமே மனிதர் குடியிருக்கும் நிலம். 1952ஆம் ஆண்டிற் பசிபிக் கடலின் ஒரு வளையத் தீவில் ஆயிரம் மீற்றருக்கு மேல் துளைத்துப் பார்த்தபோது, அடியில் எரிமலைப் பாறை இருக்கக் கண்டனர். டார்வின் நூறாண்டுக்கு முன் ஊகித்தது ஊகமாக நின்றுவிடவில்லை.

பவளத்தை நாம் முருகைக்கல் என்போம். எங்கள் கரைக்கும் அது புதிதன்று. வாகரைக்குத் தெற்கே காயான்கேணிக் கடலில் நல்ல முருகைப்பாறை உண்டு. 2019ஆம் ஆண்டில் அதனைக் கடற் சரணாலயமாக அரசு பிரகடனம் செய்தது. கிழக்குக் கரையில் முன்னர் முருகைக்கல்லை வெட்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். மாலைதீவினரோ அதனைச் சதுரக் கற்களாக அறுத்து, பூவேலை செதுக்கிப் பள்ளிவாசல் கட்டினர். மாலே நகரின் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் 1658ஆம் ஆண்டில் அவ்வாறு கட்டப்பட்டது. நான் போனால் முதலில் அச்சுவர்களைத் தடவிப் பார்க்க வேண்டும். நீற்றிச் சுண்ணாம்பாக்கிய பொருளை வேறொரு கை எவ்வாறு போற்றியது என்று அறியும் ஆவல்தான்.

அவர்கள் மொழி திவெஹி. அது சிங்களத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அரபு போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அவ்வெழுத்தின் வரலாறு விசித்திரமானது: முதல் ஒன்பது எழுத்துகள் அரபு இலக்கங்களிலிருந்தும், அடுத்த ஒன்பது அந்நாட்டின் பழைய இலக்கங்களிலிருந்தும் உருவாக்கப்பட்டவை. எண்ணை எழுத்தாக்கிக் கொண்ட மக்கள் அவர்கள். படகுக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘தோணி’யை ஒத்தது, அதனை நான் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து அத்தீவுகளுக்குப் பண்டம் ஏற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளைப் பற்றிக் கேட்டறிந்தோருக்கு இந்தச் சொல்லுறவு வியப்பளிக்காது.

கிழமைகளின் பெயர்களைக் கேளுங்கள். ஞாயிறு ‘ஆதீத்த’, திங்கள் ‘ஹோம’, செவ்வாய் ‘அங்கார’, புதன் ‘புத’, வியாழன் ‘புராஸ்பதி’, வெள்ளி ‘ஹுகுரு’, சனி ‘ஹொனிஹிரு’. ஆதித்தனும் சோமனும் அங்காரகனும் பிருகஸ்பதியும் சுக்கிரனும், எண்ணூறு ஆண்டுக்கு மேலாக இசுலாத்தைத் தழுவிய ஒரு நாட்டில் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றனர். இதனினும் சுவையானது அவர்களின் காற்றுக் கணிதம். ஆண்டை 27 ‘நகை’களாகப் பிரிப்பர், ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள் கொண்டது. அவை நம் இருபத்தேழு நட்சத்திரங்களே. அசுவினி ‘அஸ்ஸித’ ஆகவும், கார்த்திகை ‘கெதி’ ஆகவும், ரோகிணி ‘ரோணு’ ஆகவும், மூலம் ‘முல’ ஆகவும், ரேவதி ‘ரேவ’ ஆகவும் நிற்கின்றன. நாம் நட்சத்திரத்தைப் பெரிதும் சாதகத்துக்கும் கலியாணப் பொருத்தத்துக்கும் வைத்துக்கொண்டோம். அவர்களோ எந்த நகையில் எக்காற்று எழும், எப்போது மீன் படும், எப்போது தோணி இறக்கலாகாது என்று அறிவதற்கு வைத்துக்கொண்டனர். கச்சான் காற்றையும் வாடையையும் கொண்டலையும் பார்த்து வலை எடுக்கும் எங்கள் கரையோரத்து முதியவர்கள், அவர்களோடு மொழியின்றியே உரையாட முடியும் என்று நினைக்கிறேன்.

அத்தீவுகளைப் பற்றி எழுதிவைத்தோர் பெரும்பாலும் அங்கே போக விரும்பிப் போனவர்கள் அல்லர். பதினான்காம் நூற்றாண்டில் வந்த மொரொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மட்டும் இதற்கு ஒரு விலக்கு. அவர் அங்கே நீதிபதியாகப் பதவி வகித்து, உயர்குடியிற் பெண்ணெடுத்து, அரசியலிலும் தலையிட்டு, பகை தேடிக்கொண்டு 1344ஆம் ஆண்டளவில் வெளியேறினார். அப்போது அந்நாட்டை ஆண்டவர் கதீஜா என்னும் அரசி. ஒரு பெண்ணின் ஆட்சி அப்பயணிக்கு வியப்பளித்தது. சோழமண்டலக் கரைக்குப் போகப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கையின் மேற்குக் கரையிற் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, பாவாதமலைக்குப் போக வசதியும் செய்து கொடுத்தார். மாலைதீவிலிருந்து நம் தமிழ் மன்னன் ஒருவனின் அவைக்கு நேரே வந்த விருந்தினர் என்ற வகையில் அவரை நாம் நினைவில் வைக்கலாம்.

அடுத்தவர் பிரான்சு நாட்டு பிரான்சுவா பிரார் தெ லவால். 1602ஆம் ஆண்டில் அவரது கப்பல் அத்தீவுகளிடையே பாறையில் மோதி உடைந்தது. உயிர் தப்பியோரைச் சுல்தானின் ஆட்கள் பிடித்து வைத்தனர். திரும்பிப் போக அனுமதியின்றி 1607ஆம் ஆண்டுவரை அவர் அங்கே வாழ்ந்தார், மொழியைக் கற்றார், பின்னர் நாடு திரும்பி எழுதிய நூல் இன்றும் அந்நாட்டு வரலாற்றுக்கு முதன்மையான சான்று. இக்கதையைப் படித்தபோது எனக்கு எங்களூருக்கு வடக்கே உள்ள கொட்டியாரக் குடா நினைவுக்கு வந்தது. பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று அக்குடாவில் ஒதுங்க, 1660ஆம் ஆண்டில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்சையும் பிறரையும் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்து 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். ஒரு சிறு நாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டுமானால், அதைவிட்டு வெளியேற முடியாத நிலை வேண்டும் போலும்! ஒருவாரம் போய்வந்து புத்தகம் எழுதுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

பின்னர் வந்த எச். சி. பி. பெல் நம் நாட்டின் தொல்பொருள் ஆணையாளராக இருந்தவர். 1879, 1920, 1922 ஆகிய ஆண்டுகளில் அங்கு சென்றார். 1153ஆம் ஆண்டில் அந்நாடு இசுலாத்தைத் தழுவுமுன் அங்கே பௌத்தம் இருந்தது என்பதற்குத் தாதுகோபச் சிதைவுகளைக் கண்டு சான்று காட்டினார். அவர் இறந்தபின் 1940ஆம் ஆண்டில் அவரது பெருநூல் கொழும்பில் அச்சாயிற்று. அவ்வகைச் சிலைகள் பலவற்றை மாலே அருங்காட்சியகத்தில் வைத்திருந்தனர். 2012ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு கும்பல் உட்புகுந்து அவற்றுட் பெரும்பாலானவற்றை உடைத்துவிட்டது. பார்க்கலாம் என்று நான் பட்டியலிட்ட பொருள்களுள் சில அதனால் என் பட்டியலிலிருந்து நீங்கின. கனவு காண்பதில் காலந்தாழ்த்துவோருக்கு நேரும் இழப்பு இது.

நம் பிள்ளைகள் உருட்டித் தாயம் ஆடும் சோகியும் அத்தீவுகளின் செல்வமே. தென்னோலைக் கிளைகளைக் களப்பு நீரில் இட்டு வைத்தால் சோகிப் பூச்சிகள் வந்து பற்றிக்கொள்ளும். அவற்றை எடுத்து மணலிற் புதைத்து, உள்ளிருக்கும் தசை அழுகிய பின் கழுவி எடுத்தால் அதுவே நாணயம். கப்பல் கப்பலாக அது வங்காளத்துக்குப் போனது; அங்கிருந்து அரிசி வந்தது. பிற்காலத்தில் ஐரோப்பியர் அச்சோகியை மேற்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்று மனிதரை விலைக்கு வாங்கினர். கடற்கரையிற் பிள்ளைகள் பொறுக்கும் சிப்பி ஒன்றின் மேல் எத்தனை பேரின் கண்ணீர் இருந்தது என்பதை அத்தீவினர் அறிந்திருக்க நியாயமில்லை.

இனி, சொல்லச் சற்றுத் தயங்கும் ஒரு பகுதிக்கு வருகிறேன். தமிழர் மாலைதீவுக்குப் போன வரலாறு என்று ஏட்டில் முதலில் நிற்பது படையெடுப்பு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கடல் நடுவே பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை அவன் வென்றதாகக் கூறுகிறது. அவை மாலைதீவுகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அது பழங்கதை என விடலாம். 1988ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 3ஆம் நாள் நடந்ததை அவ்வாறு விட முடியாது. ஆட்சியைக் கவிழ்க்க முனைந்த மாலைதீவு வணிகர் ஒருவரின் ஏற்பாட்டில், இலங்கைத் தமிழ் இயக்கமான தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த எண்பது பேரளவினர் ஆயுதங்களோடு கடல்வழி மாலேக்குச் சென்று இறங்கினர். படையினரும் பொதுமக்களும் உயிரிழந்தனர். அன்றிரவே இந்தியப் பரசூட் படையினர் வந்திறங்கினர். தப்பியோடிய கப்பலை, பணயம் பிடிக்கப்பட்டவர்களோடு இந்தியக் கடற்படை கடலில் மறித்தது. அந்நாளை மாலைதீவினர் வெற்றி நாளாக ஆண்டுதோறும் விடுமுறையிட்டு நினைவுகூருகின்றனர்.

என் கனவுப் பயணத்தில் இதனை எங்கே வைப்பது என்று நெடுநேரம் எண்ணியதுண்டு. மாலே வீதியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருக்க, எந்த ஊர் என்று ஒருவர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். இலங்கை என்கிறேன். இலங்கையில் எப்பகுதி என்கிறார். கிழக்கு, தமிழன் என்கிறேன். அவர் முகத்தில் 1988 தோன்றுமா? தோன்றினால் நான் என்ன சொல்வது? எங்கள் ஊரிலும் பிறருடைய கணக்குகளுக்காக வந்திறங்கிய ஆயுதங்களை நாங்கள் கண்டிருக்கிறோம் என்று சொல்லலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் மற்றுமொரு தேநீர் வரவழைக்கலாம். போகுமுன்பே விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி இருக்கிறது என்பதை அறியாமற் போவது விருந்தினனுக்கு அழகன்று.

அவருக்கும் எனக்கும் பொதுவாக வேறொரு நாள் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26. சுமாத்திராவின் கடலடியிற் கிளம்பிய அலை அன்று காலை எங்கள் கரையை அழித்தது. அதே அலை மேற்கே தொடர்ந்து சென்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து மாலைதீவை அடைந்தது. கிழக்கிலங்கையில் ஆயிரக்கணக்கானோர் இறந்து கிடந்த அந்நேரத்தில், அங்கே மக்கள் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருந்தனர். ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் சொல்லி எச்சரிக்கும் ஏற்பாடு அக்காலம் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழும் பவளச் சுவர்களில் அலை அதிகம் உயர இடமின்மையால், அங்கே உயிரிழப்பு நூற்றுச் சொச்சத்தோடு நின்றது. ஆயினும் பல தீவுகள் குடியிருக்கத் தகாதவையாயின. ‘கந்தொலுதூ’ என்னும் தீவின் மக்கள் ஏறக்குறைய 4,000 பேர் ஊரையே கைவிட்டு, கூடாரங்களிலும் தற்காலிக வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் இருந்து, பின்னர் ‘துவாபரு’ என்னும் வேறொரு தீவில் புதிதாய்க் கட்டிய வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அந்தத் துவாபருவைப் பார்க்க வேண்டும் என்பது என் பெருவிருப்பு. உல்லாசப் பயணிகள் அங்கே போவது அரிது. மீள்குடியேற்றம் என்ற சொல்லை வாழ்ந்து அறிந்தவர்களுக்கு அங்கே பார்க்க எவ்வளவோ இருக்கும்: கிணறு எங்கே வைத்தார்கள், அயலவரை அயலவராகவே வைத்தார்களா, பழைய ஊரின் பெயரைப் பிள்ளைகள் இன்னும் சொல்கிறார்களா என்றெல்லாம்.

கிணறு என்றவுடன் ஒன்று கூற வேண்டும். மணலில் ஆழமில்லாது தோண்டும் பூவலில் நல்ல நீர் ஊறுவதை நாம் அறிவோம். மழைநீர் மணலுள் இறங்கி, கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மாலைதீவுகளின் குடிநீரும் நெடுங்காலம் அத்தகையதே. வில்லை போன்ற மெல்லிய நன்னீர்ப் படலம். கூடுதலாக இறைத்தால் உவர் மேலே வரும். கடல் ஏறி வந்தால் படலமே கெடும். சுனாமிக்குப் பின் எங்கள் கிணறுகளை மாதக்கணக்காக இறைத்துக் கொட்டியது நினைவிருக்கும். இன்று மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014ஆம் ஆண்டு மார்கழியில் அந்நிலையத்தில் தீப்பற்றியபோது, நகரம் முழுவதும் ஒரே நாளில் தண்ணீரின்றித் தவித்தது. இந்தியாவும் இலங்கையும் சீனாவும் தண்ணீர் அனுப்பின.

அந்நாட்டின் இயற்கையான உயர்ந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். எங்கள் ஊர்த் தென்னையின் கால்வாசிகூட இல்லை. 1987ஆம் ஆண்டுச் சித்திரையில் பேரலைகள் மாலேயினுட் புகுந்தன. அவ்வாண்டே அந்நாட்டுத் தலைவர் ஐக்கிய நாடுகள் சபையில், கடல் உயர்ந்தால் தம் நாடு இல்லாது போகும் என்று எடுத்துரைத்தார். பின்வந்த தலைவர் ஒருவர் 2009ஆம் ஆண்டில் அமைச்சரவையையே நீர்மூழ்கி உடையிற் கடலடியிற் கூட்டினார். சிலர் அதனைக் கூத்து என்று எள்ளினர். கூத்துப் போட்டால்தான் உலகம் திரும்பிப் பார்க்குமெனின் அக்குற்றம் யாருடையது? 1901ஆம் ஆண்டு முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் சராசரி 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. உயரும் வேகமும் கூடிவருகிறது. இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். எல்லாத் தீவும் நாளையே மூழ்கும் என்பது மிகை. உயிருள்ள பவளப்பாறை இருக்குமட்டும் அலை மணலைக் கொண்டுவந்து சேர்க்கும்; பல தீவுகள் பரப்பிற் குறையவில்லை எனவும் ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆனால் கடல் சூடேறினால் பவளம் வெளிறி மடிகிறது. 1998இலும் 2016இலும் அங்கே அது பெருமளவில் நிகழ்ந்தது. மக்களும் சும்மா இருக்கவில்லை. 1997ஆம் ஆண்டு தொடங்கிக் கடலை நிரப்பி, ஹுலுமாலே என்னும் புதுத் தீவைச் சற்று உயரமாக ஆக்கி நகரம் கட்டியுள்ளனர். 2018ஆம் ஆண்டு முதல் அதற்குப் பாலமும் உண்டு.

சரி, வழி என்ன? வாகரையிற் பேருந்தேறி வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கட்டுநாயக்கா சேர ஒரு பகல் போதாமலும் போகலாம். அங்கிருந்து மாலேக்கு விமானம் ஒன்றரை மணி நேரம். கடினமான பகுதி நம் நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு அங்கே போய் இறங்கியதும் 30 நாளுக்குக் கட்டணமின்றி நுழைவிசைவு வழங்குகின்றனர். திரும்பும் பயணச் சீட்டும் தங்குமிடமும் காட்டவேண்டும். கடிகாரத்தை அரை மணி பின்னே தள்ள வேண்டும். செலவுதான் பலரையும் அச்சுறுத்துவது. 1972ஆம் ஆண்டில் முதல் உல்லாச விடுதி திறந்த நாள்முதல், அந்நாடு செல்வரின் நாடு என்ற பெயர் பெற்றுவிட்டது. ஒரு தீவு, ஒரு விடுதி என்பது அவர்கள் முறை. அங்கே ஓர் இரவுக்குக் கேட்பது எங்களூரிற் பல குடும்பங்களின் மாத வருமானத்துக்கு மேல். ஆனால் 2009ஆம் ஆண்டின் பின், மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த இடமளித்தனர். அங்கே தங்கி, ஊரவர் செல்லும் படகிற் சென்று, கடையில் மீனும் ரொட்டியும் உண்டால் நம்மவருக்கும் எட்டக்கூடியதே. அத்தீவுகளில் மது கிடையாது. உடையில் அடக்கம் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலிற் கடைகள் மூடும், படகும் ஓடாதிருக்கலாம்.

காலத்தைத் தெரிவதில் எங்கள் கரைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஐப்பசி முதல் தை வரை வாடைக்கடல் கொந்தளிக்க, எங்கள் வள்ளங்கள் கரையேறி நிற்கும். அந்த வடகீழ்க் காற்றுத்தான் மாலைதீவுக்கு நற்காலம். மார்கழி முதல் பங்குனி வரை அங்கே வானம் வெளித்துக் கடல் குளம்போற் கிடக்கும். விலை ஏறும் காலமும் அதுவே என்பது வேறு. ஆகையால் மார்கழியை விட்டு, பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து கையிற் சிறிது காசு புழங்கும் மாசி மாதக் கடைசியைக் குறித்து வைத்திருக்கிறேன். மாசிக் கருவாட்டு நாட்டுக்கு மாசியிற் போவதும் ஒரு பொருத்தந்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்: நோன்பு மாதம் சில ஆண்டுகளில் அக்காலத்தில் வந்துவிடும். அப்போது பகலிற் கடைகள் திறவா. இரவில் ஊர் முழுவதும் விழித்திருக்கும்.